மீன் தின்னாத சித்திரை

எனக்கு வாய் நீளம். இதை நான் ஒத்துக்கொள்வதற்கு முன்பே ஊரில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஐந்து வயதில், வீட்டுக்கு வந்த ஒரு பெரிய மனிதரிடம், "உங்கட பல்லு கட்டின பல்லா?" என்று கேட்டேனாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "இவள் மனசில ஒண்டும் வெச்சிரிக்க மாட்டாள், பட்டெண்டு சொல்லிப்போடுவாள்" என்று வருகிறவர்களிடம் பெருமைப்படுவார். அது ஒரு நல்ல குணம் என்று நம்பித்தான் நானும் வளர்ந்தேன். பேச்சுப் போட்டிகளில் கிண்ணம் வாங்கினேன். பெரியவர்களின் பேச்சில் பிழை பிடித்தால் கெட்டிக்காரி என்று முதுகில் தட்டினார்கள். அந்த வாயால் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எழுதாமலும் விடலாம். இத்தனை வருடமும் அப்படித்தான் விட்டிருந்தேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் மாமா, வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த மணல் நிலத்தில் குடியிருந்தார். அது மாமியின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆண்பிள்ளை கலியாணம் கட்டின இடத்தில் போய் இருந்துகொள்ள வேண்டும். அதனால் மாமா பிறந்து வளர்ந்த வீட்டில் நாங்கள் இருந்தோம். அவரோ வாசலில் நின்று, "அக்கா, நிக்கிறயா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். மாமா வாவியில் மீன் பிடிப்பவர். கடலை அவர் நம்புவதில்லை. "அது பெரிய ஆக்கள்ர இடம்" என்பார். அப்பா பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கடைக்காரர் முதல் கோயில் ஐயர் வரை அவரைப் பி.எச்.ஐ. ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சித்திரைக்கும் ஆவணிக்கும் பள்ளிக்கூடம் விட்டால், மறுநாள் விடியவே மாமாவின் தோணி எங்கள் ஒழுங்கை முடிகிற கரைக்கு வந்துவிடும். நான், என் தம்பி, மாமி, மாமாவின் ஒரே மகளான என் சின்ன மச்சாள், இவ்வளவு பேரும் ஏறினால் தோணியில் இடம் சரி. ஆளுக்கொரு தூக்குச்சட்டி, வறுத்த கச்சான் கொட்டை ஒரு பொதி, தண்ணீர்ப் போத்தல். மாமா தடியை ஊன்றித் தள்ளுவார். கோட்டை மதிலின் கீழே போவோம். வேரை நீருக்குள் இறக்கி நிற்கும் கண்ணாக் காட்டுக்குள் நுழைந்து, தலையில் கொப்பு அடிக்காமல் குனிந்து மறுபக்கம் வருவோம். வெளிச்சவீட்டைத் தூரத்தில் இருந்து பார்ப்போம். வாவியின் மேற்குக் கரையில் வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டை காலத்துக்குத் தகுந்தபடி பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும். மாமா ஒவ்வொரு முனைக்கும் ஒரு பேர் சொல்லுவார். பாதி அவரே வைத்த பேர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பாலத்துக்குக் கீழே மீன் பாடும் என்று வெளியூர் ஆட்கள் கேட்டு வருவார்கள். அதைச் சொன்னால் மாமா, "நான் இருவது வருசமா கேக்கிறன், அதுகள் எனக்கு ஏசுறது மட்டும்தான் கேக்குது" என்பார்.

மச்சாளுக்குத் தோணியின் முன்முனைதான் இடம். ஆறு வயது. காலை இரண்டு பக்கமும் தொங்கப்போட்டுக்கொண்டு, "அங்கால போ, இங்கால போ" என்று தகப்பனுக்குக் கட்டளை போடுவாள். அவளுக்கும் வாய்தான். "உன்னையப் போலயே வருவாள்" என்று மாமி என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நான் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வேன்.

எனக்குப் பதின்மூன்று வயதில் சுனாமி வந்தது. அன்று காலை மாமா வாவியில் இருந்தார். மாமியும் மச்சாளும் வீட்டில் இருந்தார்கள். மாமியை ஒரு தென்னையின் அடியில் உயிரோடு கண்டெடுத்தார்கள். மச்சாள் கிடைக்கவில்லை. மாமா ஒரு மாதம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் என்று ஆட்களை வைத்திருந்த இடமெல்லாம் போய்ப் பார்த்தார். வாவியிலும் தேடினார். பிறகு தேடுவதை விட்டார். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. "வந்து எங்களோட இரிங்க" என்று அம்மா கூப்பிட்டார். மாமி வரவில்லை. புருஷனின் அக்கா வீட்டில் எந்த உரிமையில் இருப்பது என்று நினைத்திருக்க வேண்டும். அமிர்தகழிப் பக்கம் ஒரு துறைக்குக் கிட்ட, மாமியின் சொந்தக்காரரின் வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு இருந்தார்கள்.

அடுத்து வந்த மாதங்களில் மட்டக்களப்பில் மீனை யாரும் தொடவில்லை. இதை இப்போது சொன்னால் சிரிப்பார்கள். மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத சனம் நாங்கள். ஆனால் கடலும் வாவியும் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கின்றன, அதே தண்ணீரில் பிடித்த மீனை எப்படி வாயில் வைப்பது? எங்கள் வீட்டில் அம்மா மீன் சட்டியைக் கவிழ்த்துக் குசினிக்குப் பின்னால் வைத்துவிட்டார். முட்டை, பருப்பு, சோயாமீற், இதுதான் நாளாந்தம். சந்தையில் மீன் பரப்பியிருக்கும் பக்கத்தைக் கடந்து வரும்போதெல்லாம் அம்மா சொல்லுவார், "என்னத்தத் திண்டு இதுகள் இப்பிடிக் கொழுத்திரிக்கோ, முருகா." இந்த வசனத்தை நான் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கேட்டேன்.

அப்பாவுக்கோ இது உத்தியோகச் சங்கடம். மீன் தின்பதால் ஒரு நோயும் வராது, பயப்படாமல் தின்னுங்கள் என்று கூட்டம் கூட்டிச் சொல்வது அவர் வேலை. நோட்டீஸ் கொடுத்தார், ஒலிபெருக்கி பிடித்துப் பேசினார். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து முட்டைக் குழம்பு தின்றார். எங்கள் வீட்டில் இதை யாரும் ஒரு முரணாகக் கண்டதாக நினைவில்லை.

சித்திரை விடுமுறை தொடங்கின கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்து, அப்பாவுக்கு முன்னால் கதிரையின் நுனியில் இருந்தார்.

"அத்தான், ஒரு உதவி. புள்ளையள வழக்கம்போல தோணியில கூட்டிட்டுப் போறன். இந்த முறை நீங்களும் அக்காவும் வரணும். சுத்திப்போட்டு மத்தியானம் எங்கட துறையில இரிந்து சாப்பிடுவம். மீன்தான் சமைக்கிறம். சனம் பாக்க நீங்க திண்டாப் போதும்."

அப்பா, "நான் நோட்டீஸ் குடுத்தனான்தானே மச்சான்" என்றார்.

"நோட்டீச ஆரு வாசிச்ச அத்தான்? பி.எச்.ஐ. ஐயா குடும்பத்தோட இரிந்து திண்டாராம் எண்டு ஒரு கதை போனாக் காணும். நாளைக்கே சனம் வாங்கும்."

அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மாமா எழுந்து குசினிக்குப் போனார். அங்கே அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒட்டுக் கேட்டது தற்செயல் என்று சொல்லமாட்டேன்.

"காசுக்காக இல்ல அக்கா. அவள் ரெண்டு மாசமா படுத்த பாய விட்டு ஒழும்பல்ல. தலை இழுக்கல்ல. மாசி மாசம் ஒரு நாள் தானா ஒழும்பி வந்து, நான் கொண்டு வந்த மீனை வாங்கி வெட்டினாள். அண்டையில இரிந்துதான் குளிக்கிறாள், ரெண்டு வாய் சோறு திண்டுறாள். துறையில மீன் கடகத்த வெச்சிக்கிட்டு குந்தி இரிக்கிறாள். ஒருத்தரும் வாங்கிறல்ல. அந்தியில எல்லாத்தையும் அவளே வெட்டிக் கருவாடு போடுறாள். விலைப்படாட்டி நான் தோணிய விட்டுப்போட்டுக் கூலிக்குப் போகத்தான் வேணும். மீன் வராட்டி அவள் மறுகாவும் படுத்திருவாள். எனக்கு அதுதான் பயம்."

அம்மா அழுதார். "வாறம்டா. கட்டாயம் வாறம்" என்றார்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அந்தச் சாப்பாடு எதற்காக, யாருக்காக என்று எல்லாம் தெரிந்துதான் போனேன்.

போகிற நாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "மீனைப் போட்டா வேணாம் எண்டு சொல்லப்படாது. முள்ளு எடுக்கிற மாதிரி நோண்டிக்கொண்டு இரிந்துபோட்டு, மெல்லச் சோத்துக்குக் கீழ தள்ளிருங்க. ஆரும் கவனிக்க மாட்டாங்க." இதைச் சொன்னவர் ஊருக்கே சுகாதாரம் சொல்கிறவர். அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினார். எனக்குச் சீ என்று இருந்தது. நான் இப்படிக் கள்ளத்தனம் செய்ய மாட்டேன் என்று மனதுக்குள் வீறாப்பாக நினைத்துக்கொண்டேன். எனக்கு மீன் தின்னும் எண்ணமும் இல்லை, பொய் செய்யும் எண்ணமும் இல்லை. அப்படியானால் மிச்சம் என்ன இருக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

தோணியில் முதல் முறையாக அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மாமி வரவில்லை. சமையலுக்காகத் துறையில் நின்றுவிட்டார். தம்பி ஏறினவுடன் முன்முனைக்குப் போனான். "அங்க வேணாம் மனே, நடுவுல இரி" என்றார் மாமா. பிறகு வழக்கம்போலக் கோட்டை, கண்ணாக் காடு, முனைகளின் பேர்கள். மாமா பேர்களைச் சொன்னார், நாங்கள் திருப்பிச் சொல்லவில்லை. அப்பா வாவித் தண்ணீரைப் பற்றி ஏதோ உத்தியோகப் பேச்சுப் பேசிக்கொண்டு வந்தார். கச்சான் கொட்டையை நான் மட்டும் தின்றேன்.

துறைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பெரிய மரமொன்றின் கீழே பாய் விரித்து, மூன்று கல் வைத்து மாமி சமைத்திருந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அவரைத் தலை வாரி இழுத்து, பொட்டு வைத்த கோலத்தில் கண்டேன். அம்மா கொடுத்த சீலையை உடுத்திருந்தார். "வாங்க அண்ணன், வாங்க மச்சாள்" என்று அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்ட குரலில் ஒரு சிரிப்புக் கூட இருந்தது. புதுச் சட்டியில் கொடுவா மீன் தேங்காய்ப்பாலில் கொதித்துக்கொண்டிருந்தது. பசித்தது. வாசனை நன்றாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மாமாவின் ஏற்பாடு பலித்திருந்தது. விடுமுறை நாள் என்பதால் துறையில் சனம் நின்றது. வலை பொத்துகிறவர்கள், பக்கத்து வளவுப் பெண்கள், அவர்களின் பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வந்து மரத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மாமி அவர்களைப் பார்த்து, "பாருங்க கா, பி.எச்.ஐ. ஐயா எங்கட மீன் திண்ண வந்திரிக்காரு" என்றார். ஒரு பெண், "ஐயா திண்டா நாங்களும் திண்டுறம்" என்று பகிடியாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா வாழையிலைக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தார்.

மாமி பரிமாறினார். அப்பாவுக்கு ஒரு துண்டு. அம்மாவுக்கு ஒரு துண்டு. தம்பிக்கு ஒரு துண்டு. அவன் யாருக்கும் காத்திருக்காமல் பிய்த்து வாயில் போட்டான். அவனுக்கு எட்டு வயது. அப்பா சொன்ன தந்திரம் அவனுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். அன்று எங்கள் குடும்பத்தில் மரியாதையாக நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். அப்பா முள் எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் பெருவிரல் ஒரு துண்டை மெல்லச் சோற்றுக்குள் தள்ளுவதை நான் கண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவரும் கண்டார் என்று நினைக்கிறேன்.

மாமி என்னிடம் வந்தார். சட்டிக்குள் அகப்பையை விட்டுத் தேடி, வயிற்றுப் பக்கத்துக் கொழுத்த துண்டை எடுத்தார். வீட்டில் செல்லமான பிள்ளைக்குக் கொடுக்கிற துண்டு அது. "இது என்ட மருமகளுக்கு" என்று என் இலையில் வைத்தார்.

நான் இலையைத் தள்ளினேன்.

"எனக்கு வேணாம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஆட்கள் நின்றால் எனக்குக் குரல் தானாக எழும்பும், மேடைப் பழக்கம். "நாலு மாசமா இதுகள் என்னத்தத் திண்டு இப்பிடிக் கொழுத்திரிக்கி எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே. அப்பாவும் தின்னல்ல, சோத்துக்குக் கீழதான் ஒளிக்கிறாரு" என்றேன்.

சொல்லி முடித்த அந்தக் கணத்தில் எனக்கு இருந்தது பெருமை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. எல்லாரும் பயந்து மறைத்ததை நான் போட்டு உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பகிடி சொன்ன பெண் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி அகப்பையைப் பிடித்தபடி என் இலையில் கிடந்த மீன் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. ஏசவில்லை. அப்போதுதான், மெல்ல மெல்ல, நான் யாருடைய முகத்துக்கு முன்னால் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. உறைத்த பிறகும் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை.

அப்பா, "புள்ளைக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். ஒருவரும் கேட்காத கேள்விக்குப் பதில். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. மாமா, "சின்னப் புள்ளதானே, விடுங்க" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. தம்பி இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மாமி சட்டியை மூடினார். கையைக் கழுவினார். பிறகு வேறொரு இலையை எடுத்து, அதில் சோறும் சம்பலும் போட்டு என் முன்னால் வைத்தார். "சோத்தையாவது தின்னு மனே. பசியோட போகப்படாது" என்றார்.

நான் தின்றேன். பசித்தது, தின்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குக் கோபம் வந்தது. எல்லாரும் என்னோடு பேசாமல் வருகிறார்களே என்ற கோபம். அம்மா சொல்லாததையா நான் சொன்னேன்? வீட்டுப் படலைக்குக் கிட்ட வந்ததும் அதைக் கேட்டும்விட்டேன். அம்மா நின்று என்னைப் பார்த்து, "சொன்னது பிழையில்ல, சொன்ன இடம்தான் பிழை" என்றார். அன்று எனக்கு அது ஒரு மன்னிப்புப் போலப் பட்டது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமி அதற்குப் பிறகு துறைக்கு வரவில்லை என்று மாமா ஒரு நாள் வாசலில் நின்று சொன்னார். மீனைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், மறுபடியும் பாயில் படுத்துவிட்டார். சொல்லும்போது மாமா என்னைப் பார்க்கவில்லை. என்னைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தார். சில கிழமையில் தோணியை விற்றுவிட்டுக் கூலிக்குப் போனார். பாசிக்குடாப் பக்கம் ஒரு வேலை கிடைத்து, இருவரும் அங்கே போய்விட்டார்கள்.

இதில் என்னை இன்றும் அதிகமாகக் குத்துவது வேறொன்று. ஆடி மாதம், மாமாங்கத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தபோது வீடெல்லாம் மீன்குழம்பு மணத்தது. சனம் மீனுக்குத் திரும்பிவிட்டது. தானாகவே திரும்பிவிட்டது, ஒருவரும் யாருக்கும் தின்று காட்டவில்லை. அம்மா சட்டியைத் திரும்ப நிமிர்த்தியிருந்தார். இன்னும் மூன்று மாதம் மாமியின் கடகம் துறையில் இருந்திருந்தால் போதும். நான் அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

அடுத்த வருடம் சண்டை திரும்ப மூண்டது. நகரத்தில் இருந்து மேற்குக் கரைக்கு ஷெல் பறந்தது, வாகரைப் பக்கத்தில் இருந்து சனம் வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்தது. விடுமுறை என்றால் வீட்டுக்குள் இருப்பது என்று ஆனது. மாமா வீட்டுக்கு ஏன் போவதில்லை என்று யாராவது கேட்டால், "ரோட்டு சரியில்ல, செக்கிங்கும் கூடிப்போச்சு" என்போம். அதுவும் உண்மைதான். ஆனால் பஸ் ஓடிய நாட்களிலும் நாங்கள் போகவில்லை.

யுத்தம் முடிந்து, தடைகள் எடுபட்டு, சனம் கூட்டம் கூட்டமாக ஊர் பார்க்கக் கிளம்பிய ஆவணியில் நாங்களும் வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் பாசிக்குடாவுக்குப் போனோம். எனக்குப் பதினெட்டு வயது. உயர்தரச் சோதனை எழுதி முடித்திருந்தேன். அம்மா முன்கூட்டியே மாமாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். போகிற வழி முழுக்க மாமியிடம் சொல்லவேண்டியதை நான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் கையைப் பிடிப்பது என்றெல்லாம். பேச்சுப் போட்டிக்குப் போகிற மாதிரித்தான் போனேன்.

வழியில் நின்று வானில் ஏறிக்கொண்ட மாமா மெலிந்து, கறுத்திருந்தார். ஹோட்டல் கட்டுகிற இடத்தில் சீமெந்து வேலை. மாமி விடிய நாலு மணிக்கு எழும்பி அந்த வேலையாட்களுக்கு இடியப்பம் அவித்து விற்கிறார் என்று மாமா சொன்னபோது, எனக்கு ஒரு பாரம் இறங்கியது. எழும்புகிறார், வேலை செய்கிறார், எல்லாம் சரியாகிவிட்டது. வானை விட்டு இறங்குவதற்குள்ளேயே நான் எனக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டேன். மாமி என்னைக் கண்டதும், "எவ்வளவு வளந்திட்டாள் கா" என்று கன்னத்தைத் தடவினார்.

கடற்கரையில் தெற்கே இருந்து பஸ் பஸ்ஸாக வந்த சனம். பாசிக்குடாவில் எவ்வளவு தூரம் போனாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. எங்கள் ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மாமி மட்டும் உடுப்புகளையும் செருப்புகளையும் காவல் பார்த்துக்கொண்டு மர நிழலில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"மாமி, அண்டைக்குத் துறையில நான் சொன்னது..."

"அதையா நீ இன்னமும் நினைச்சிக்கிட்டு இரிக்காய்?" என்றார் மாமி. "நீ புதுசா ஒண்டும் சொல்லல்ல மனே. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் மீனை வெட்டினன்."

"எதுக்கு மாமி?" என்றேன்.

"ஒவ்வொரு மீனா வயித்தக் கீறிப் பாப்பன். அவட தோடு கிடக்கா எண்டு. சின்னத் தோடு, அதையெண்டாலும் காணுவனோ எண்டு. ஒண்டும் இல்லாட்டி எனக்கு அண்டைக்கு ஒரு நிம்மதி. இந்த மீன்ல இல்ல, இந்த மீன்ல இல்ல எண்டு. அப்ப புள்ள எங்கயாவது இரிக்காள்தானே? அதுக்காகத்தான் விடிய ஒழும்புறது. உங்கட மாமாவுக்கும் தெரியாது. அவரு நான் யாவாரத்துக்குக் குந்துறன் எண்டு நினைச்சாரு."

தண்ணீரில் இருந்து தம்பி கூச்சல் போட்டுக் கேட்டது. மாமி தொடர்ந்தார், கோபம் ஒன்றும் இல்லாமல், யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்கிற குரலில்.

"நீ சொன்னதும் எல்லாரும் என்ட கையப் பாத்தாங்க. நான் என்னத்தத் தேடுறன் எண்டு அவங்களுக்கும் விளங்கிட்டு. மறுகா எப்பிடிக் கா வெட்டுறது?"

அடுக்கிக்கொண்டு வந்ததையெல்லாம் விட்டுவிட்டு, "இப்ப?" என்று மட்டும் கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியாது.

"இப்ப தேடுறத்துக்கு என்ன இரிக்கி" என்றார் மாமி. "இடியப்பம் அவிக்கிறன்."

அம்மா தண்ணீருக்குள் நின்று கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். மாமி என் முதுகில் மெல்லத் தட்டி, "போ மனே, கூப்பிடுறாங்க. இஞ்ச நான் இரிக்கிறன்தானே" என்றார்.

மாமியைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் போகச் சொன்னது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது. எழும்பிப் போனேன். மணலில் ஓடித்தான் போனேன். தண்ணீருக்குள் இறங்கி, திரும்பிப் பார்த்தால் மாமியின் முகம் தெரியாத தூரம் வரை நடந்தேன். அங்கே தம்பி என்மேல் தண்ணீரை அள்ளி அடித்தான். நானும் அள்ளி அடித்தேன். கொஞ்ச நேரத்தில், எல்லாரோடும் சேர்ந்து, சிரித்தேன்.